கயாக்கிலிருந்து எஞ்சின் படகுக்கு: மலையகத்தில் அறுபதுக்குப் பிறகு மாறுவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பல வருடம் கயாக்கில், அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சின்னப் படகில், உட்கார்ந்து தூண்டில் போட்டவன் நான். 62 வயதில் வலது தோள் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. அதையும் பொறுத்துக்கொண்டு போய்வந்தேன். ஒரு வைகாசி மாதம், பகல் 12 மணிக்கு மேல் தென்மேற்குக் காற்று எழும்பியது. காலையில் அரை மணித்தியாலத்தில் கடந்த தூரத்தைத் திரும்பிக் கடக்க முடியவில்லை. நான் வலிக்க வலிக்கக் காற்று பின்னால் தள்ளியது. கடைசியில் எதிர்க்கரைத் தோட்டத்தில் கயாக்கை இழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு இரவுதான் எஞ்சின் படகு வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவு சரி. நான் வாங்கிய முதல் படகுதான் பிழை. 15 அடிப் படகு, 15 குதிரைவலு எஞ்சின். தண்ணீரில் அது நன்றாகத்தான் ஓடியது. பங்குனியில் நீர் இறங்கியபோது அதைக் கரையேற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். மீன்பிடிக்கப் போவதற்காக நாலு பேரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டிய நிலை எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஒரு வருடத்தில் விற்றுவிட்டேன். அதில் கற்ற பாடத்திலிருந்தே இதைத் தொடங்குகிறேன்: நம் மலையகத்தில் படகைத் தீர்மானிப்பது நீரின் பரப்பு இல்லை, கரை.

கரையைப் படியுங்கள்

காசல்ரீ 1965இலும் மவுசாக்கலை 1969இலும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. மழைக்கும் மின்தேவைக்கும் ஏற்ப நீர் ஏறும், இறங்கும். ஐப்பசியில் வீதியிலிருந்து பத்து எட்டில் தண்ணீர் இருக்கும். மாசி, பங்குனியில் அதே இடத்தில் வெடித்த சேறும் கல்லுமாக நீண்ட சரிவு கிடக்கும். மவுசாக்கலையில் நீர் நன்றாக வற்றினால் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் வெளியே தெரிவதைப் பார்க்கப் பேருந்து பிடித்து ஆட்கள் வருகிறார்கள் அல்லவா, அந்த அளவுக்கு இறங்கும். கொத்மலையிலும் விக்டோரியாவிலும் இதே கதைதான்.

அதனால் ஐப்பசித் தண்ணீரைப் பார்த்துப் படகு வாங்க வேண்டாம். முடிந்தால் ஒரு வருடம், முடியாவிட்டால் ஒரு வறட்சிக் காலமாவது உங்கள் கரையைக் கவனியுங்கள். நீர் எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது, சேறு எத்தனை அங்குலம் கால் இறக்குகிறது, கல்தரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பங்குனியில் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை இன்னும் வைத்திருக்கிறேன். நீருக்கடியில் எங்கே மரக்கட்டை, எங்கே பழைய சுவர் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு பரீட்சை. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நீர் மிகவும் இறங்கியிருக்கும் நாளில், தண்ணீர் ஓரத்திலிருந்து வீதிவரை நடந்து பாருங்கள். 6 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறக்குறைய அந்த நிறைதான். 15 குதிரைவலு என்றால் இரண்டு மூட்டை. நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்தீர்கள் என்றால், அதைவிடச் சின்ன எஞ்சினைப் பற்றி யோசியுங்கள். இரண்டரைக் குதிரைவலு எஞ்சின் 17, 18 கிலோவுக்குள் வரும்.

அனுமதி

பணம் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். காசல்ரீ, மவுசாக்கலை போன்றவை இலங்கை மின்சார சபையின் பொறுப்பில் வந்தவை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல மகாவலித் திட்டத்தைச் சேர்ந்தவை. எஞ்சின் ஓட்டலாமா, எந்தப் பகுதிக்குள் போகக்கூடாது, மீன்பிடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமா, படகைப் பதிய வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு. நீர்த்தேக்க அலுவலகம், பிரதேச செயலகம், உங்கள் பகுதி மீன்பிடி உத்தியோகத்தர் என்று மூன்று இடத்திலும் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். கரையில் இருக்கும் மீனவர் சங்கத்திடம் போய் வணக்கம் சொல்வதும் இதில் அடக்கம். அவர்கள் அங்கே பிழைப்பு நடத்துகிறார்கள், நாம் பொழுதைக் கழிக்க வருகிறோம்.

உடம்பு

கயாக்கில் நாம் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்போம். படகில் எழும்புவோம், திரும்புவோம், குனிந்து எஞ்சின் கயிற்றை இழுப்போம். வேலை தோளிலிருந்து இடுப்புக்கும் முழங்காலுக்கும் மாறுகிறது. அதனால் வைத்தியரிடம் போகும்போது “துடுப்பு வலிப்பதை விட்டுவிட்டேன்” என்று மட்டும் சொல்லாமல், கயிறு இழுப்பதையும் பாரம் தூக்குவதையும் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தூண்டில் முள், கத்தி, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் எஞ்சின் விசிறி எல்லாவற்றையும் பற்றி அவரிடம் பேச வேண்டும். கண்ணில் வெண்புரை இருந்தால் காலை வெயில் நீரில் பட்டுத் தெறிக்கும்போது வலைமிதவை தெரியாது. அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். சிறுநீர் கழிக்கப் படகின் ஓரத்தில் எழுந்து நிற்காதீர்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் வயதில் நமக்கு இது அடிக்கடி வரும். எழும்பி நிற்கிற நேரத்தில் சின்ன அலை வந்தால் போதும், ஆள் தண்ணீரில். வாய் அகன்ற போத்தல் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே முடித்துவிடுங்கள்.

படகு

தனியாகவோ இன்னொருவருடனோ போவதற்கு 11, 12 அடி போதும். அடி தட்டையாகவும், அகலம் நாலரை அடிக்குக் குறையாமலும் இருக்கட்டும். தட்டை அடி கரைச் சேற்றில் வழுக்கி ஏறும், மீனோடு மல்லுக்கட்டும்போது ஆடாது. அலையில் கொஞ்சம் அறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபைபர் படகு என்றால் எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கெட்டியான சத்தம் வர வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே மரம் உக்கியிருக்கிறது. இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் நிறைந்தாலும் மிதக்கும் படகுதான் நம் வயதுக்குரிய படகு.

பின்பலகையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டுதான் எஞ்சின் தேடிப் போக வேண்டும். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு. எஞ்சினை மாட்டிப் பார்க்கும்போது விசிறிக்குச் சற்று மேலே தட்டையாக ஒரு தகடு தெரியும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் விசிறி காற்றைக் கடைந்து சும்மா சுற்றும். ரொம்பக் கீழே போனால் முதல் மரக்கட்டையில் அடிபடும்.

எஞ்சினும் மலையும்

எனக்கு அந்தப் பெரிய எஞ்சினை விற்றவர், “உயரத்தால ஒண்ணும் ஆகாது ஐயா, கடலில் ஓடுற மாதிரியே இங்கேயும் ஓடும்” என்றார். அது உண்மையில்லை. எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும். மேலே வர வரக் காற்று மெலிகிறது, ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய 3 வீத வலு குறைகிறது. காசல்ரீ சுமார் 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பத்தில் ஒரு பங்கு வலு போய்விடும். நுவரெலியா உயரத்தில், அதாவது 1,868 மீற்றரில், ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. பெட்டியில் 6 என்று எழுதியிருந்தால் காசல்ரீயில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தரைக்கும் குறைவு.

வலு குறைவதோடு கதை முடிவதில்லை. கார்பரேட்டர் எஞ்சின் கடல்மட்டத்துக்கு அளந்த பெற்றோலையே இங்கேயும் ஊற்றும், காற்று மட்டும் குறைவு. புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும், மெதுவாக ஓட்டும்போது திணறும். உயரத்துக்கு ஏற்ற சின்ன ஜெட், அதாவது பெற்றோலை அளந்து விடும் துளைத் திருகாணி, போட்டுத் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெற்றோலை இலத்திரனியல் முறையில் பீச்சும் எஞ்சின்கள் அளவைத் தாமே சரிசெய்துகொள்ளும், ஆனால் இழந்த வலுவைத் திருப்பித் தரமாட்டா. இரண்டு வகைக்கும் உதவுவது விசிறியை மாற்றுவதுதான். விசிறியில் பிட்ச் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சுற்றில் அது படகை எத்தனை அங்குலம் தள்ளப் பார்க்கிறது என்பதே அந்த எண். ஓரிரு அங்குலம் குறைந்த பிட்ச் போட்டால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். மலைப்பாதையில் லொறிக்காரர் கியரை இறக்குவதைப் போலத்தான்.

பழைய எஞ்சின் வாங்குவதானால் சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து மேலே ஏற்றி வருபவையே நிறைய. கடல்நீரில் ஓடியது. உள்ளே நீர் ஓடும் வழிகளில் உப்புப் பிடித்திருக்கும். திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் உள்ள கியர் ஒயில் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டு எடுங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நீங்கள் போகும் முன்பே எஞ்சின் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஒரு பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சினின் பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும். அதுதான் எஞ்சின் குளிர்கிறது என்பதற்கான அடையாளம். ஏரியிலும் அந்த நீர் நின்ற உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சல்வீனியா என்ற நீர்க்களையோ பொலித்தீனோ நீர் உறிஞ்சும் வாயை அடைத்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே நீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா? இரண்டு ஸ்ட்ரோக் பாரம் குறைவு, திருத்துவது சுலபம். ஆனால் பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று கையேடு சொன்னால் 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். மோட்டார் சைக்கிள் ஒயிலை ஊற்றாதீர்கள். நீரால் குளிரும் படகு எஞ்சினுக்கென்று டீசி டபிள்யூ 3 (TC-W3) என்று குறித்த ஒயில் இருக்கிறது, அதை வாங்குங்கள். என் ஓட்டு நான்கு ஸ்ட்ரோக்குக்கு. சத்தமும் புகையும் குறைவு, அந்த ஏரித் தண்ணீரில் ஒயில் படலம் மிதக்காது.

எலக்ட்ரிக் மோட்டாரையும் ஒதுக்க வேண்டாம். அதற்கு மூச்சு வேண்டியதில்லை, உயரத்தால் அதற்கு நட்டமும் இல்லை. 55 இறாத்தல் தள்ளுவிசையுள்ள 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர் மணி பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், அரை வேகத்தில் ஓட்டினால் பல மடங்கு நீளும். ஈய பற்றரி 30 கிலோவுக்குக் கிட்ட, லித்தியம் என்றால் 12, 13 கிலோ. அமைதியான குடாவில் மட்டும் மீன்பிடிப்பவருக்கு இதுவே போதும். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம் அல்லவா, அப்போது பக்கத்துக் கரைக்காரர் ஒருவர் எலக்ட்ரிக் மோட்டாரில் போய்வந்தார். எதிர்க்காற்றில் நீண்ட தூரம் திரும்பி வர வேண்டியவருக்கு மட்டும் இதை நான் சொல்லமாட்டேன்.

தண்ணீரில் முதல் நாட்கள்

முதல் நாள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். காலை 7 மணிக்கு, காற்றில்லாத நேரத்தில், எஞ்சின் தெரிந்த ஒருவரோடு போங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டு, கால்களுக்கு இடையில் வரும் பட்டியையும் கட்டுங்கள். அந்தப் பட்டி இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அங்கி காதுவரை ஏறிவிடும், ஆள் அதற்குள் வழுகுவார்.

அப்புறம் சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை எஞ்சினில், மறுமுனை உங்கள் அங்கியில் அல்லது மணிக்கட்டில். நீங்கள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நிற்கும். கயாக்கில் விழுந்தால் கயாக் பக்கத்திலேயே மிதக்கும். எஞ்சின் படகில் இந்தக் கயிறு இல்லாமல் விழுந்தால் கைப்பிடி தானாகத் திரும்பி, படகு வட்டமடித்து உங்கள் மேலேயே வரும். எஞ்சின் கிளம்பும் முன் கயிறு மாட்டியிருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. என்னோடு வருகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

படகுக்கு பிரேக் இல்லை. நியூட்ரலுக்குப் போட்டாலும் அது தன் பாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். கரையிலிருந்து 30 மீற்றர் தள்ளி ஒரு மிதவையைப் போட்டு, அதற்குக் காற்றை எதிர்த்துப் போய் நிற்கப் பழகுங்கள். காற்றோடு போனால் நிற்காது. திரும்பும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் வீசும், பழைய கயாக் கண் இதை முதலில் ஏமாந்து பார்க்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இதையே செய்யுங்கள்.

தனியாகப் போகும்போது ஆளும் எஞ்சினும் பின்னால் இருப்பதால் முன்பக்கம் தூக்கும், எதிர்காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். நங்கூரம், பற்றரி, தண்ணீர்ப் போத்தல், பெற்றோல் தாங்கி எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் கைப்பிடிக்கு நீட்டுக்குழாய் ஒன்று மாட்டினால் நீங்களும் நடு இருக்கைக்கு வந்துவிடலாம்.

பிறகு, வெதுவெதுப்பான ஒரு பகலில், இடுப்பளவு நீரில், பக்கத்தில் ஆள் இருக்க, படகுக்குள் திரும்ப ஏறிப் பாருங்கள். கயாக்கில் வயிற்றைப் போட்டு ஏறினோம். படகின் ஓரம் உயரம், நனைந்த உடுப்போடு கை தூக்காது. நான் பின்பக்க மூலையில் கால் வைக்கும்படி கயிற்று வளையம் ஒன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதுகூட மூன்றாம் தடவைதான் சரிவந்தது. எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் பின்பக்கமாக ஏறவோ ஏற்றவோ கூடாது.

மீன்பிடிக்கும்போது

எஞ்சின் இருப்பதால் மீனின் தலைக்கு மேலேயே போய் நிறுத்தத் தோன்றும். 50 மீற்றர் முன்பே, காற்று வரும் பக்கத்தில் நிறுத்திவிட்டு மிதந்து வாருங்கள். கடைசித் தூரத்துக்குத் துடுப்பைப் போடுங்கள். திலாப்பியாவுக்குக் கரையோரச் சத்தம் பிடிக்காது என்பது கயாக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஞ்சின் நின்றுபோனாலும் அந்த இரண்டு துடுப்புகள்தான் வீடு சேர்க்கும், ஆகவே அவை எப்போதும் படகில் இருக்கட்டும்.

நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்தே இறக்குங்கள். பின்பக்கத்தில் கட்டினால் அலை தாழ்ந்த பின்பலகையைத் தாண்டி உள்ளே ஊற்றும்.

நைலோன் நரம்பு விசிறித் தண்டில் சுற்றினால் மெதுவாக உள்ளே அறுத்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும், அதன் பிறகுதான் கியர் ஒயில் பாலாக மாறும். மாதத்துக்கு ஒரு தடவை விசிறியைக் கழற்றிப் பாருங்கள். சின்ன எஞ்சின்களில் விசிறியைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய ஊசி. கட்டையில் அடிபட்டால் எஞ்சினைக் காப்பாற்ற அது தான் உடையும். அதில் இரண்டும், ஒரு குறடும், ஒரு பிளக்கும் நீர் புகாத டப்பாவில் எப்போதும் வைத்திருங்கள். முன்னோக்கிப் போகும்போது எஞ்சினின் சாய்வுப் பூட்டு திறந்திருக்கட்டும், அடிபட்டால் தானே மேலே தூக்கிக்கொள்ளும்.

மாலையில் போட்டு விடியலில் எடுக்கும் வலைகளுக்கு மிதவை பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் போத்தல்தான். இரண்டு போத்தலுக்கு நடுவில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். தோட்டத்துப் பெண்கள் துணி துவைக்கும், பிள்ளைகள் குளிக்கும் துறைகளையும் விலகி, மெதுவாகக் கடந்து போங்கள். ஒற்றைப் பக்க மிதவைத் தோணியில் வலை இழுப்பவர் பக்கத்தில் வரும்போது வேகத்தை முழுக்கக் குறையுங்கள். நேற்றுவரை அந்த அலை நம்மையும் ஆட்டியதுதானே.

காற்று, இடி, அணைக்கட்டு

வைகாசியிலிருந்து ஆவணிவரை தென்மேற்குக் காற்று. காலை 11 மணிக்குக் கரையில் இருங்கள், எஞ்சின் இருந்தாலும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. காபன் தூண்டில் கோலைப் படகில் படுக்க வைத்துவிட்டு அருகிலுள்ள கரைக்குப் போங்கள், உங்கள் கரைக்குப் போக நேரமில்லை. மூடுபனி இறங்கினால் ஓட்டாமல் கரையோரமாக ஒதுங்கி விசில் ஊதுங்கள்.

அணைக்கட்டுக்கும் வான்கதவுகளுக்கும் கிட்டப் போகவே வேண்டாம். மேற்கு மலையில் பெருமழை பெய்யும் நாட்களில் நீர் வழிந்து பாயும், கதவுகள் திறக்கும். அந்த இழுவைக்கு 6 குதிரைவலு ஈடுகொடுக்காது.

போகும் முன் வீட்டில் எந்தக் குடாவுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கைத்தொலைபேசி நீர் புகாத உறையில் கழுத்தில் இருக்கட்டும், படகுப் பெட்டிக்குள் வேண்டாம். 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், இரண்டையும் எழுதி அங்கியின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

விசிறி தண்ணீருக்குள் இருக்கும்போதே பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினை அது தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள், கார்பரேட்டர் காலியாகிவிடும். அதில் பழைய பெற்றோல் நின்றால் பிசின் பிடித்து அடுத்த முறை கயிறு இழுத்து இழுத்துத் தோள்தான் போகும். நம் பனிக்குளிரில் பாதி காலியான தாங்கிக்குள் ஈரம் வியர்த்துப் பெற்றோலில் தண்ணீர் சேரும். அதனால் தாங்கியை நிரப்பி வையுங்கள், குழாயில் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றையும் போடுங்கள். பெற்றோல் நிரப்புவது எப்போதும் தரையில் வைத்துத்தான், படகுக்குள் வைத்து அல்ல.

எஞ்சினைத் தூக்கும் முன் செங்குத்தாக நிறுத்தி உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க வடியவிடுங்கள். நான்கு ஸ்ட்ரோக்கை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது கையேட்டில் காட்டிய பக்கமாக மட்டும் சாய்த்துப் படுக்க வையுங்கள், மறுபக்கம் சாய்த்தால் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். படகைக் குப்புறக் கவிழ்த்து, இன்றைய நீர் ஓரத்தில் விடாமல் நீர் ஏறக்கூடிய உச்சக் கோட்டுக்கு மேலே, ஒரு மரத்தோடு சங்கிலியால் கட்டிவிட்டு வாருங்கள். ஆனி மழையில் ஒரே இரவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று அந்தக் கரை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.